ஆய்வுக்குப் போன இடத்தில் கண்ட பறவைகளை எப்படிப் பதிவது?

கேள்வி: ஆய்வுக் குழுவோடு கொக்கிளாய்க் களப்பில் நீர், சேற்று மாதிரிகள் எடுக்கப் போகிறேன். கண்ட பறவைகளின் பெயர்களைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். சிக்னல் இல்லாத இடம். இவை மற்றவர்களுக்குப் பயன்பட என்ன செய்யலாம்? (வாசகி, திருகோணமலை)

சிக்னல் பெரிய பிரச்சினை இல்லை. கண்ட பறவைகளைப் பதிந்து எல்லோருடனும் பகிர உதவும், கோர்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ஈபேர்ட் (eBird) செயலியையும் அதற்குள் இலங்கைப் பறவைப் பட்டியலையும் வீட்டிலிருந்தே இறக்கிவிடுங்கள். களத்தில் ஃபிளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பட்டரியும் மிஞ்சும். பதிந்தது போனிலேயே கிடக்கும். திரும்பி வந்து அனுப்பலாம்.

உங்கள் கொப்பிதான் எனக்குக் கவலை. வெறும் பெயர்களை வைத்து ஆய்வாளர் அதிகம் செய்ய முடியாது. எங்கே நின்றீர்கள், எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதும் வேண்டும். மாதிரி எடுக்கும்போது கண் சேற்றில் இருக்கும். அப்போது தலைக்கு மேல் பறந்த ஆலாவைத் தற்செயல் பதிவாகப் போடுங்கள். ஆனால் போத்தலைத் திறப்பதற்கு முன் 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று, காகம் உட்பட அடையாளம் தெரிந்த அத்தனையையும் எண்ணி எழுதினால் அது முழுமையான பட்டியல். அதில் பூநாரை இல்லையென்றால், அந்த நேரம் அது கண்ணில் படவில்லை என்பதும் தரவுதான். மாதிரிக்காக அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறீர்களே, எப்போதாவது வந்து போகும் பறவை ஆர்வலருக்கு அந்த வாய்ப்பு ஏது? தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

உள்ளான் கூட்டம் பெரிதாக இருந்தால் முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து அடைக்கும் இடம் கூட்டத்தில் எத்தனை தடவை வரும் என்று பார்த்துப் பெருக்குங்கள். குளிர்காலத்தில் சின்ன உள்ளான்கள் பலவும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். இனம் பிரிபடாவிட்டால் 'சிறு உள்ளான் வகை' என்றே விடுங்கள். ஊகித்துப் பெயர் வைப்பது பட்டியலையே கெடுக்கும். அபூர்வமாக ஏதும் கண்டால் அலகு, கால், குரல் பற்றி அங்கேயே எழுதிவிடுங்கள், படமும் எடுங்கள். ஈபேர்டில் பதிவுகளைச் சரிபார்ப்பவர் நிச்சயம் கேட்பார்.

அப்புறம், நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று வழியில் இறங்கும் இடமெல்லாம் தனித்தனிப் பட்டியல்.

பகிர்வதற்கு முன் குழுத் தலைவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மணலில் முட்டையிட்டிருக்கும் ஆலாக்களின் இடத்தை மட்டும் அடைகாலம் முடியும்வரை யாருக்கும் காட்ட வேண்டாம். பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கும் வசதி ஈபேர்டில் இருக்கிறது. கொப்பியில் உள்ள பழைய குறிப்புகளில் நாளும் இடமும் நிச்சயமாகத் தெரிந்தவற்றை 'வரலாற்று' வகையில் ஏற்றலாம்.