வாசகர் கேள்வி: வடு சுருங்குது, வாழைப்பூ கறுக்குது

பிளஸ் ஒன் படிக்கிறேன் சார். டெஸ்ட்ல ஆஸ்மாசிஸ்க்கு உதாரணம் கேட்டிருந்தாங்க. அப்பாயி வடுமாங்கா போடறத நெனச்சு, "உப்பு ஆஸ்மாசிஸ் மூலமா மாங்காய்க்குள்ள போகுது"ன்னு எழுதினேன், மிஸ் சுழிச்சுட்டாங்க. ஆனா ஊறுன வடுவ கடிச்சா உப்பு கரிக்குதே, அப்ப உப்பு எப்படி உள்ள போச்சு? (ஒரு மாணவி, மன்னார்குடி)

மிஸ் சுழிச்சது சரிதான்மா. ஆனா நீ அதோட விடாம திருப்பிக் கேட்டே பாரு, அதுக்குத்தான் மார்க் போடணும்.

ஆஸ்மாசிஸ்னா நகர்றது தண்ணி மட்டுந்தான், உப்பு இல்ல. அப்பாயி ஜாடில ஒரு சொட்டு தண்ணி ஊத்துறாங்களா? கழுவி, ஈரம் போக தொடச்சு, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு போட்டு குலுக்கி வச்சுடறாங்க, ரெண்டு மூணு நாள் கழிச்சு தொறந்தா உள்ள தண்ணி நிக்குது, வடு தாத்தா கன்னம் மாதிரி சுருங்கிக் கெடக்குது. அந்தத் தண்ணி பூரா மாங்காயோட செல்லுக்குள்ள இருந்த தண்ணிதான். வெளில உப்பு அதிகம், உள்ள கம்மி, அதனால தண்ணி உப்பு இருக்கிற பக்கமா வெளிய வந்துடுச்சு.

அப்ப உப்பு ஏன் உடனே உள்ள போகல? செல்லைச் சுத்தி இருக்கிற சவ்வு ரெண்டு அடுக்கு கொழுப்பு, கனம் ஏழெட்டு நானோமீட்டர்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரை பத்து லட்சம் பங்கா போட்டா அதுல ஏழெட்டு பங்கு. உப்பு தண்ணில கரைஞ்சதும் சோடியம், குளோரைடுன்னு மின்னூட்டத்தோட பிரிஞ்சுடும், அந்த மின்னூட்டத்தை வச்சுகிட்டு கொழுப்பைத் தாண்ட முடியாது. தண்ணிக்கு மட்டும் அக்வாபோரின்னு தனியா புரதக் குழாயே இருக்கு, அதைக் கண்டுபிடிச்சதுக்கு பீட்டர் ஆக்ரி 2003ல வேதியியல் நோபல் வாங்கினார்.

இப்ப உன் கேள்விக்கு வரேன். இந்தக் கெடுபிடியெல்லாம் செல் உயிரோட இருக்கிற வரைக்குந்தான். தண்ணியெல்லாம் போயி நாலு நாள் உப்புல கெடந்தா செல் செத்துடும், சவ்வு கிழிஞ்சுடும், அப்புறம் உப்பு தாராளமா உள்ள போகும், அதுக்குப் பேரு டிஃப்யூஷன், விரவல். ஆக உன் வடுவுல முதல்ல ஆஸ்மாசிஸ், பின்னாடி டிஃப்யூஷன், ரெண்டும் ஒரே ஜாடில நடக்குது. நம்பலைன்னா வீட்ல பீட்ரூட்டை வில்லையா நறுக்கி நல்லா அலசிட்டு ஒண்ண பச்சத்தண்ணிலயும் ஒண்ண கொதிக்கிற தண்ணிலயும் போட்டுப் பாரு, எது சிவக்குதுன்னு சொல்லு.

இன்னொண்ணு. உங்க லேப்ல ரியோ இலைன்னு ஒண்ணு தருவாங்க, அடிப்பக்கம் ஊதா கலர்ல இருக்கும், அந்தத் தோலை மெல்லிசா உரிச்சு மைக்ராஸ்கோப்ல வச்சு ஓரமா ரெண்டு சொட்டு உப்புத்தண்ணி விடு. கட்டம் கட்டமா நெறஞ்சிருந்த ஊதா மெல்ல சுவரை விட்டு விலகி நடுவுல ஒரு சின்னக் குட்டையா ஒடுங்கும், கோடைல வத்துற நம்மூரு குளம் மாதிரி. செல் சுவர் அப்படியே நிக்கும், உள்ள இருக்கிற சவ்வுதான் சுருங்கும். உடனே நல்ல தண்ணி விட்டா திரும்ப விரியும். நான் படிச்சப்ப இதைப் போர்டுல படமா வரைஞ்சே முடிச்சுட்டாங்க, கண்ணால பாக்க எனக்கு நாப்பது வயசாச்சு. நீ விட்றாத.

விதைநெல்லை உப்புத்தண்ணில போட்டு பதர் எடுக்கிறோம். அதே உப்பு வயல்ல ஏறுனா பயிர் தண்ணி நிக்கும்போதே காயுது. விதைக்கு ஒண்ணும் ஆகல, பயிருக்கு மட்டும் ஏன்? (ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி பக்கம்)

அண்ணே, பயிர் கதை மேல சொன்ன வடு கதைதான். மண்ணுல இருக்கிற தண்ணில உப்பு கூடிட்டா வேரால தண்ணிய இழுக்க முடியாது, ரொம்பக் கூடுனா வேர்ல இருக்கிற தண்ணியே வெளிய போகும், முழங்கால் தண்ணில நின்னுகிட்டே தாகத்துல சாகுது. போதாததுக்கு உள்ள ஏறுற சோடியம், செல்லுல வேதிவேலையெல்லாம் வேகமா நடத்துற என்சைம்ங்கிற புரதங்களோட வேலையையும் கெடுக்கும். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் கடல்தண்ணி ஏறுன வயல்லயெல்லாம் நல்ல தண்ணிய கட்டி வடிச்சு கட்டி வடிச்சுத்தான் உப்பை எறக்கணும்னு ஆச்சு.

விதை தப்பிக்கிறது நேரத்தால. முட்டை மேல வந்து நாலணா அகலத்துக்குத் தெரியற அளவு உப்பைக் கரைச்சு, விதையைக் கொட்டி, மிதக்கிற பதரை அள்ளிட்டு, உடனே ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணில அலசிடறீங்க, எல்லாம் சில நிமிஷம். உப்புல போட்டுட்டு டீ குடிக்கப் போயி மறந்துட்டா முளைப்பு கெடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் நல்ல தண்ணில ஊறப்போடறீங்க. காஞ்ச விதை முதல்ல தண்ணி குடிக்கிறது ஆஸ்மாசிஸ்னு பல நோட்ஸ்ல இருக்கு, அது தப்பு. காஞ்ச ஸ்பாஞ்ச் மாதிரி மாவுச்சத்தும் புரதமும் தண்ணிய உறிஞ்சி ஊதிப் பெருக்கும், அதை உள்ளீர்த்தல்னு சொல்லுவாங்க. தண்ணி பட்டதும் கரு ஜிப்ரலின்னு ஒரு ஹார்மோனை அனுப்பும், அது போயி அரிசியைச் சுத்தி இருக்கிற மெல்லிசான படலத்தை எழுப்பும், மில்லுல தவிட்டோட போகுமே அந்தப் படலந்தான். அந்தப் படலத்து செல்லுங்க அமைலேஸ்னு என்சைம் தயார் பண்ணி உள்ள அனுப்ப, மாவு சர்க்கரையாகி முளைக்குச் சோறாகுது. உங்க எச்சில்லயும் ஒரு அமைலேஸ் இருக்கு, சோத்தை மென்னுகிட்டே இருந்தா இனிக்கிறது அதனாலதான். சாக்குல கட்டி வச்ச விதைநெல்லு சூடாறது முளை மூச்சு விடற சூடு, அதிகம் ஏறுனா புழுங்கிப் போயிடும்னு தண்ணி தெளிச்சுப் பொரட்டி விடறது உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்ல.

வாழைப்பூவை நறுக்குனதும் ஏன் மோர்ல போடச் சொல்றாங்க? தண்ணில போட்டா ஆகாதா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

தண்ணில போட்டாலும் கொஞ்சம் தாங்கும்க்கா, மோர்ல நல்லா தாங்கும். வாழைப்பூ செல்லுக்குள்ள தொவர்ப்புக்குக் காரணமான ஃபீனால் பொருள் ஒரு அறைல இருக்கு, அதைக் கறுக்க வைக்கிற பாலிஃபீனால் ஆக்சிடேஸ்ங்கிற என்சைம் வேற அறைல இருக்கு, நடுவுல சவ்வு. பூவுல இருக்கும்போது ரெண்டும் பாத்துக்கிறதே இல்ல. அருவாமணைல வச்சு நீங்க நறுக்குனதும் சுவரெல்லாம் ஒடஞ்சு ரெண்டும் கலந்து, காத்துல இருக்கிற ஆக்சிஜனும் சேந்து கறுப்பாயிடுது. தண்ணி காத்தை மட்டுந்தான் மறைக்கும். மோரோட புளிப்பு என்சைமோட உருவத்தையே கலைச்சு வேலைய மட்டுப்படுத்தும், ஒவ்வொரு என்சைமுக்கும் ஒரு புளிப்பு அளவுலதான் கை ஓடும். கொதிக்கிற தண்ணில போட்டா என்சைம் மொத்தமா வெந்துடும், அதுக்கப்புறம் கறுக்காது. புளிச்ச மோரா பாத்து ஊத்துங்க, இன்னைக்குத் தோச்ச தயிர்ல கலக்குன மோர் அவ்வளவு வேலை செய்யாது.

வயித்துப்போக்குக்கு உப்புத்தண்ணி சரி, சர்க்கரை எதுக்கு? ருசிக்கா? (ஒரு அம்மா, நாகப்பட்டினம்)

ருசிக்கு இல்லம்மா. குடல் செல்லுல ஒரு கதவு இருக்கு, ரெண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேந்து வந்தாதான் அது தொறக்கும், உள்ள போற அதுங்க பின்னாடியே தண்ணியும் போகும். வயித்துப்போக்குல மத்த வழியெல்லாம் கெட்டாலும் இந்தக் கதவு வேலை செய்யும். 1971ல பங்களாதேஷ் போர் சமயம், மேற்கு வங்காளத்துல போங்காவ் அகதி முகாம்ல காலரா வந்தப்ப டாக்டர் திலிப் மகலனாபிஸ் இந்த உப்பு சர்க்கரைத் தண்ணிய வச்சுத்தான் சமாளிச்சார், 30 சதவீதம் வரைக்கும் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழ எறங்குச்சு.

கடைல ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைச்சா அதுவே நல்லது. அவசரத்துக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்கு தலை தட்டுன ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இனிப்பா இருந்தா பிள்ளை குடிக்கும்னு சர்க்கரைய அள்ளிக் கொட்டாதீங்க, கலர் சோடாவும் வேண்டாம், சர்க்கரை கூடுனா அது உடம்புத் தண்ணிய குடலுக்குள்ள இழுத்து போக்கு இன்னும் அதிகமாகும். பிள்ளை கண்ணு உள்ள போயி சோந்து கெடந்தாலோ ஒண்ணுக்குப் போகலைன்னாலோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க.

பேரன் செல்லு படிக்கிறேங்கிறான், கைல செல்லோடதான் இருக்கான். ரெண்டும் ஒண்ணா? (ஒரு தாத்தா, மயிலாடுதுறை)

பேரு ஒண்ணுதான் ஐயா. 1665ல ராபர்ட் ஹூக் தக்கைய மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்ல பாத்தப்ப சின்னச் சின்ன காலி அறையா தெரிஞ்சுது, அதுக்கு செல்லுன்னு பேரு வச்சார். அவர் பாத்தது செத்துப்போன செல்லோட சுவரை மட்டும். போன் கம்பெனிக்காரங்க ஊரை டவர் டவரா கட்டம் பிரிச்சு அந்தக் கட்டத்துக்கும் செல்லுன்னாங்க. பேரன் எதைப் படிக்கிறான்னு ஸ்கிரீனை எட்டிப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போவுது.