அமெரிக்கத் தேர்தல்: ஓட்டு எண்ணிக்கை, கருத்துக்கணிப்பு, எலக்டோரல் காலேஜ் – கேள்வி பதில்

இணையத்தில் சுற்றும் அமெரிக்கத் தேர்தல் கருத்துகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எந்தக் கட்சி நல்லது என்ற விவாதத்துக்குள் போகவில்லை. கேட்கும்போது மாநிலத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே தேர்தலை நடத்துவது மாநிலங்கள்தான். மாநிலம் தெரியாமல் சொல்லும் பதில் பாதி தவறாகிவிடும்.

சென்னை: 2020இல் பென்சில்வேனியாவில் இரவு டிரம்ப் லட்சக்கணக்கில் முன்னிலை. இரண்டு மூன்று நாளில் பைடன் ஜெயித்துவிட்டார். ஓட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டு இன்னமும் வீடியோ போடுகிறார்கள். உண்மை என்ன?

அந்த ஓட்டுகளில் பெரும்பாலானவை தேர்தல் நாள் காலையிலேயே கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகங்களில்தான் இருந்தன. உறை பிரிக்கப்படாமல் இருந்தன, அவ்வளவுதான்.

பென்சில்வேனியாவில் காரணம் சொல்லாமல் எவரும் தபாலில் ஓட்டுப்போடலாம் என்ற சட்டம் வந்தது 2019இல். அடுத்த ஆண்டே கொரோனா வந்ததால் ஏறத்தாழ 26 லட்சம் பேர் தபாலில் போட்டார்கள். ஆனால் அந்த உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் தொடக்கூடாது என்று சட்டம். ஒவ்வொரு உறைக்கும் வேலை இருக்கிறது: வெளி உறையில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிரிக்க வேண்டும், உள்ளே இருக்கும் ரகசிய உறையைத் தனியாக எடுத்துக் கலக்க வேண்டும், அதையும் பிரித்துச் சீட்டை நிமிர்த்தி ஸ்கேனரில் விட வேண்டும். இதே ஊழியர்கள்தான் அன்று வாக்குச்சாவடிகளையும் நடத்த வேண்டும். சில கவுண்டிகள் தபால் உறையை மறுநாள்தான் எடுத்தன.

ஆகவே நேரில் போட்ட ஓட்டு முதலில் வெளியே வந்தது. தபால் ஓட்டு பிறகு வந்தது. தபாலில் போடாதீர்கள் என்று டிரம்ப் பல மாதங்களாகச் சொல்லிவந்தார், அவருடைய ஆதரவாளர்கள் நேரில் போனார்கள். தபால் ஓட்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பைடனுக்கு. கடைசி வித்தியாசம் சுமார் 80,000. எந்த வரிசையில் எண்ணினாலும் கூட்டுத்தொகை இதுதான்.

2024இல் அதே பென்சில்வேனியாவில், அதே சட்டத்தின் கீழ், முடிவு அன்று பின்னிரவிலேயே தெரிந்துவிட்டது. தபால் ஓட்டு குறைவு, கவுண்டிகளுக்கு அனுபவம் கூடிவிட்டது. ஃபுளோரிடாவில் உறைகளை முன்கூட்டியே சரிபார்த்து வைக்கலாம், அதனால் ஒவ்வொரு முறையும் சீக்கிரம் முடிகிறது. மிச்சிகனும் 2023இல் சட்டத்தை மாற்றி முன்கூட்டியே ஸ்கேன் செய்ய அனுமதித்தது. எண்ணிக்கை இழுப்பதைப் பார்த்துச் சந்தேகம் வந்தால், அந்த மாநிலத்தில் உறையை எப்போது பிரிக்கலாம் என்பதை முதலில் தேடுங்கள்.

சிகாகோ: 2020இல் விஸ்கான்சினில் அதிகாலை 3 மணிக்கு வரைபடக் கோடு செங்குத்தாக ஏறுகிறதே? பதிவு செய்தவர்களைவிட ஓட்டு அதிகம் என்றும் படித்தேன்.

மில்வாக்கி நகரம் தபால் ஓட்டுகளை எல்லாம் ஒரே மையத்தில் எண்ணி ஒரே தொகுப்பாக அறிவிக்கிறது. அப்படிச் சுமார் 1,70,000 ஓட்டு ஒரே நேரத்தில் சேர்ந்தது. விஸ்கான்சினிலும் தேர்தல் நாளுக்கு முன் உறையைப் பிரிக்க முடியாது.

பதிவு எண்ணிக்கை விஷயம்: அப்படிச் சொல்லி இணையத்தில் சுற்றிய படத்தில் 2018ஆம் ஆண்டின் பழைய பதிவு எண்ணை எடுத்து 2020 ஓட்டோடு ஒப்பிட்டிருந்தார்கள். தவிர விஸ்கான்சினில் தேர்தல் நாளன்றே சாவடியில் பதிவு செய்து ஓட்டுப்போடலாம்.

மதுரை: இந்தியாவில் அறுபது கோடிக்கு மேல் ஓட்டை ஒரே நாளில் எண்ணுகிறோம். அமெரிக்காவால் ஏன் முடியவில்லை?

இந்தியாவில் மக்களவைக்கு ஒரு வாக்காளர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். எண்ணுவதற்கு முன் பல நாள் இயந்திரங்கள் பூட்டிய அறையில் காத்திருக்கின்றன. அமெரிக்காவில் ஒரே சீட்டில் அதிபர், செனட், பிரதிநிதிகள் அவை, மாநிலச் சட்டமன்றம், நீதிபதி, ஷெரிஃப், பள்ளி வாரியம், ஊர்த் தீர்மானங்கள் என்று முன்னும் பின்னுமாக இருக்கும். தேர்தல் ஆணையம் என்ற ஒரே தலைமையும் இல்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகளும், சில மாநிலங்களில் நகராட்சிகளும் தனித்தனியாக நடத்துகின்றன. அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு நாடாளுமன்றத் தேர்தலின் நேரம், இடம், முறை ஆகியவற்றை மாநிலங்களிடம் கொடுத்து, அதை மாற்றும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கு (அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு) வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2024இல், தேர்தல் நாள் முத்திரையோடு ஏழு நாள் கழித்து வந்த உறையும் செல்லும். ஒரே நாளில் முடிப்பது அங்கே சட்டப்படியே சாத்தியமில்லை.

டல்லாஸ்: எச்1பி விசாவில் இருக்கிறேன். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வாக்காளராகப் பதியவா என்று கேட்டார்கள். ஒன்றும் ஆகாது, டிக் செய் என்றார் நண்பர். கட்சிக்கு நன்கொடை கொடுக்கலாமா?

டிக் செய்யாதீர்கள். இன்றைக்கு வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இது.

குடியுரிமை இல்லாதவர் மத்தியத் தேர்தலில் ஓட்டுப்போடுவது 1996 சட்டப்படி குற்றம். ஓராண்டு வரை சிறை. அதைவிடப் பெரிய ஆபத்து குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. சட்டவிரோதமாக ஓட்டுப்போட்டவரை நாடு கடத்தலாம், குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டவரையும் நாடு கடத்தலாம். வாக்காளர் படிவத்தில் "நான் அமெரிக்கக் குடிமகன்" என்ற வரிக்குக் கீழேதான் கையெழுத்துப் போடுகிறீர்கள். ஓட்டே போடாவிட்டாலும் அந்தக் கையெழுத்து பதிவில் நிற்கும். பின்னால் குடியுரிமைக்கு என்-400 படிவம் நிரப்பும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, ஓட்டுப்போட்டீர்களா என்று நேராகக் கேட்பார்கள். கவுண்டரில் இருந்தவர் சொன்னார் என்ற விளக்கத்தை நம்பி இறங்காதீர்கள். தெரியாமல் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், தானாக எதையும் எழுதி அனுப்புவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

நன்கொடை: கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். எச்1பி (வேலை), எஃப்1 (மாணவர்) விசாவில் இருப்பவர் எந்தத் தேர்தலுக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக்கூடாது. வேட்பாளர் படம் போட்ட தொப்பியைப் பிரசாரக் குழுவின் கடையில் வாங்கினால் அதுவும் நன்கொடைதான்.

கொழும்பு: கருத்துக்கணிப்பு எல்லாம் பொய் என்று 2016க்குப் பிறகு எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?

பொய் என்று சொல்ல மாட்டேன். அதன் துல்லியத்தை மக்கள் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். 1,000 பேரைக் கேட்டால் பிழை எல்லை 3 புள்ளி கூடவோ குறையவோ. இது ஒரு வேட்பாளரின் எண்ணுக்கு மட்டும். இருவருக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்துக்கு அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். 48–46 என்றால் யார் முன்னிலை என்றே சொல்ல முடியாது. பிழையைப் பாதியாக்க 4,000 பேரைக் கேட்க வேண்டும், செலவு கட்டாது.

இதுவும் தற்செயல் பிழை மட்டும்தான். யார் பதில் சொல்ல மறுக்கிறார்கள் என்ற பிழை தனி. பியூ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் நூற்றுக்கு 36 பேர் பதில் சொன்னார்கள், 2018இல் 6 பேர். அந்த ஆறு பேரும் மற்ற தொண்ணூற்று நான்கு பேரும் ஒரே மாதிரி யோசிக்காவிட்டால் கணக்கு சாயும். 2016இல் பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகுதியைச் சமன் செய்யவில்லை, அதாவது மக்களில் பட்டதாரிகள் எத்தனை பங்கோ அதற்கேற்பப் பதில்களுக்கு எடை கொடுக்கவில்லை. பட்டதாரிகள் அதிகமாகப் பதில் சொன்னார்கள், கணக்கு கிளிண்டன் பக்கம் சாய்ந்தது. 2020இல் அதைச் சமன் செய்தும் பிழை கூடியது. விஸ்கான்சினில் பைடன் 17 புள்ளி முன்னிலை என்று ஒரு பெரிய கணிப்பு சொன்னது. கிடைத்தது ஒரு புள்ளிக்கும் குறைவு. 2024இல் அயோவாவில் ஹாரிஸ் 3 புள்ளி முன்னிலை என்று வந்த கணிப்பைப் பார்த்து இணையமே கொந்தளித்தது; டிரம்ப் அங்கே 13 புள்ளியில் வென்றார்.

ஒரு கணிப்பைப் பகிரும் முன் நான்கு விஷயம் பாருங்கள். எந்தத் தேதிகளில் கேட்டார்கள்? பதிந்த வாக்காளர் எல்லோரையுமா, உண்மையில் ஓட்டுப்போட வாய்ப்புள்ளவரை மட்டுமா? பணம் கொடுத்தது யார்? கல்வித் தகுதியைச் சமன் செய்தார்களா? கட்சி பணம் கொடுத்து எடுத்து, கட்சியே வெளியிட்ட கணிப்பை ஒதுக்கிவிடுங்கள். சாதகமாக வந்ததை மட்டும்தான் வெளியிடுவார்கள்.

திருச்சி: அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார்கள்?

தெரியாத எதிர்காலத்துக்குப் பதில் இல்லை.

பெங்களூரு: 2016இல் கிளிண்டனுக்கு 71 சதவீதம் என்ற இணையதளம் தோற்றுத்தானே போனது?

71 சதவீதம் என்பது வாய்ப்பு, ஓட்டுப் பங்கு இல்லை. அதே தளம், ஃபைவ்தர்ட்டிஎயிட், டிரம்புக்கு 29 சதவீதம் வாய்ப்பு கொடுத்தது. பத்தில் மூன்று முறை நடக்கும் என்று சொன்னது நடந்தது.

நியூ ஜெர்சி: எலக்டோரல் காலேஜ் சிறிய மாநிலங்களைக் காப்பாற்றத்தானே? இல்லாவிட்டால் கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் மட்டுமே அதிபரை முடிவு செய்யும்.

எலக்டோரல் காலேஜ் என்பது மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்கள் ஓட்டுப்போட்டு அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறை. நீங்கள் சொன்ன இரண்டு மாநிலமும் சேர்ந்து மக்கள்தொகையில் 18 சதவீதம்தான். அதிலும் எல்லோரும் ஒரே பக்கம் போடுவதில்லை. 2020இல் டிரம்புக்கு மிக அதிக ஓட்டு கொடுத்த மாநிலம் எது? கலிஃபோர்னியா, 60 லட்சம், டெக்சாஸைவிட அதிகம். அந்த 60 லட்சத்துக்குக் கிடைத்த தேர்வாளர் பூஜ்யம்.

சிறிய மாநிலத்துக்குக் கணக்கில் சலுகை உண்டு. மொத்தம் 538 தேர்வாளர்: பிரதிநிதிகள் 435, செனட்டர் 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3. வயோமிங்குக்கு 3, அதாவது சுமார் 1,92,000 பேருக்கு ஒருவர். கலிஃபோர்னியாவுக்கு 54, சுமார் 7,32,000 பேருக்கு ஒருவர். ஆனால் வேட்பாளர்கள் வயோமிங் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. 2024இல் பணமும் கூட்டங்களும் குவிந்தது பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா ஆகிய ஏழில். பெரும்பாலான மாநிலங்களில் வென்றவருக்கே தேர்வாளர் முழுவதும் என்ற விதி இருப்பதால், இழுபறியான மாநிலத்துக்குத்தான் மதிப்பு; சிறியதா பெரியதா என்பது பொருட்டே இல்லை. அந்த விதி அரசியல் சாசனத்தில் கிடையாது, மாநிலச் சட்டங்களில் இருக்கிறது.

சிங்கப்பூர்: மன்னிக்கவும், சிறிய மாநிலச் சலுகை முடிவை மாற்றியதே இல்லையா? 2000?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 2000இல் புஷ் 30 மாநிலம் வென்று 271. கோர் 20 மாநிலமும் தலைநகரும் வென்று 267 (ஒரு தேர்வாளர் ஓட்டுப்போடாததால் 266 எண்ணப்பட்டது). மாநிலத்துக்கு இரண்டு என்ற செனட் பங்கைக் கழித்தால் புஷ் 211, கோர் 225. சலுகை முடிவை மாற்றியது. 2016இல் அதே கழித்தலைச் செய்தால் டிரம்ப் 246, கிளிண்டன் 190. மாறவில்லை. அங்கே முடிவு செய்தது மூன்று மாநிலங்களில் மொத்தம் சுமார் 78,000 ஓட்டு.

ஹூஸ்டன்: நாடு முழுக்க ஒரே ஓட்டு என்றால், இழுபறியானால் ஐம்பது மாநிலத்திலும் மறு எண்ணிக்கை. 2000இல் ஃபுளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்துக்காக ஒரு மாநிலமே ஒரு மாதம் தவித்தது. அதை யோசித்தீர்களா?

நேரடி ஓட்டுக்கு எதிரான வாதங்களில் எனக்கு வலுவாகப் படுவது இதுதான். மறு எண்ணிக்கைக்கு இன்று தேசிய விதி கிடையாது. எந்த வித்தியாசத்தில் தொடங்கும், கையாலா இயந்திரத்தாலா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நேரடித் தேர்தல் வேண்டுமென்றால் முதலில் அந்தச் சட்டம் வேண்டும். ஆனால் கோடிக்கணக்கான ஓட்டில் சில நூறு வித்தியாசம் வருவது, ஒரு மாநிலத்தில் வருவதைவிட மிக அரிது. 2000இலும் நாடு தழுவிய வித்தியாசம் ஐந்து லட்சத்துக்கு மேல்.

நியூ ஜெர்சி (மீண்டும்): அப்படியானால் மேய்ன், நெப்ராஸ்கா மாதிரி தொகுதிவாரியாகப் பிரிக்கலாமே?

அது இன்னும் மோசமாகும் என்பது என் கருத்து. தொகுதி எல்லையை வரைவது பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ள கட்சிகள். எல்லா மாநிலத்திலும் அம்முறை இருந்திருந்தால், 2012இல் கிட்டத்தட்ட 50 லட்சம் ஓட்டு அதிகம் பெற்ற ஒபாமா ராம்னியிடம் தோற்றிருப்பார். சாசனத் திருத்தமும் எளிதல்ல: 1969இல் பிரதிநிதிகள் அவை 338–70 என்று நேரடித் தேர்தலை ஏற்றது, மறு ஆண்டு செனட்டில் முடங்கியது. மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுத் தேசிய ஓட்டில் வென்றவருக்கே தேர்வாளரைத் தரும் முயற்சி 2024 ஏப்ரலில் மேய்ன் சேர்ந்தபோது 209ஐத் தொட்டது, 270 வேண்டும். தொட்டாலும் காங்கிரசின் ஒப்புதல் வேண்டுமா என்று வழக்கு நிச்சயம் வரும்.

இந்த விவாதத்தை இங்கே நிறுத்துகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கோவை: இரவில் ஓட்டு மாறுவது எப்போதும் ஒரு கட்சிக்கே சாதகமாக இருப்பது ஏன்?

முதல் பதிலைப் படியுங்கள். எப்போதும் ஒரு கட்சிக்கு இல்லை. 2020 அரிசோனாவில் முன்கூட்டி வந்த தபால் ஓட்டை முதலில் அறிவித்தார்கள். பைடனின் பெரிய முன்னிலை நாள்தோறும் சுருங்கி 10,457இல் நின்றது.

அட்லாண்டா: ஜார்ஜியாவில் இயந்திரம் மாற்றிவிட்டது என்கிறார்களே?

2020இல் அங்கே சுமார் 50 லட்சம் சீட்டையும் கையால் எண்ணினார்கள். வென்றவர் மாறவில்லை. காகிதம் இருக்கும் இடத்தில் இயந்திரத்தைச் சரிபார்க்க வழி இருக்கிறது.

யாழ்ப்பாணம்: துணை அதிபர் ஜனவரி 6 அன்று முடிவை மாற்ற முடியுமா?

முடியாது. அன்று காங்கிரஸ் தேர்வாளர் ஓட்டுகளை எண்ணும்போது அவர் தலைமை வகிக்கிறார். 2022 சட்டம் அவர் வேலை சடங்கு மட்டுமே என்று எழுதிவைத்துவிட்டது. முன்பு அவைக்கு ஒருவர் எழுந்தால் ஆட்சேபம் விவாதத்துக்கு வரும். இப்போது ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும், அதாவது 20 செனட்டர், 87 பிரதிநிதிகள்.

சேலம்: அடுத்து யார் வருவார்கள் என்று தோராயமாகவாவது…

திருச்சிக்காரருக்குச் சொன்னதே.

தஞ்சாவூர்: தாத்தா ஊரான துளசேந்திரபுரத்துத் தொடர்பால் ஹாரிசுக்குத் தமிழர் ஓட்டு மொத்தமாகப் போனதா?

தமிழரை மட்டும் பிரித்து ஓட்டைக் கணக்கெடுப்பதில்லை. அப்படிச் சொல்பவர் ஊகிக்கிறார்.

சான் ஹோசே: கிரீன் கார்டு இருக்கிறது. உள்ளூர்த் தேர்தலில் போடலாமா?

சில ஊர்களில் உள்ளூர்த் தேர்தலுக்கு மட்டும் அனுமதி உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி வாரியத்துக்குப் பெற்றோர் போடலாம். உங்கள் ஊருக்கு அப்படி இருக்கிறதென்று நகர அலுவலகத்தின் எழுத்து மூலமான விதியைப் பார்க்காமல் படிவத்தைத் தொடாதீர்கள். டல்லாஸ்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

பிட்ஸ்பர்க்: சென்ற மாதம் குடியுரிமை கிடைத்தது. முதல் ஓட்டைத் தபாலில் போட வேண்டும். என்ன செய்ய?

வாழ்த்துகள். பென்சில்வேனியாவில் தேர்தலுக்கு 15 நாள் முன்னதாகவே பதிவு முடிய வேண்டும். தபால் சீட்டுக்கான விண்ணப்பம் முந்தைய செவ்வாய் மாலை 5 மணிக்குள் கவுண்டியில் சேர வேண்டும். சீட்டை நிரப்பி முதலில் ரகசிய உறையில் போட்டு ஒட்டுங்கள். அந்த உறையில் எதுவும் எழுதாதீர்கள். அதை வெளி உறைக்குள் வைத்துக் கையெழுத்தும் கையெழுத்திட்ட தேதியும் போடுங்கள். பிறந்த தேதியை அங்கே எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ரகசிய உறை இல்லாமல் வந்த சீட்டு எண்ணப்படாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் உறை கவுண்டி கையில் இருக்க வேண்டும், தபால் முத்திரை உதவாது. கடைசி வாரமாகிவிட்டால் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், உங்களுடையதை மட்டும். மனைவியின் உறையை அவரே கொண்டுவர வேண்டும். மனம் மாறி சாவடியில் போட நினைத்தால் சீட்டையும் வெளி உறையையும் கையோடு எடுத்துப்போய் ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் தற்காலிகச் சீட்டுதான் தருவார்கள்.