ஆன்லைனில் குழுவாகச் சேர்ந்து வாங்குகிறவர்கள் ஏன் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள்?

கேள்வி: பாளையங்கோட்டையில் எம்பிஏ படிக்கிறேன். பல பேர் சேர்ந்தால் விலை குறையும் ஆன்லைன் தளங்களில் வாடிக்கையாளர்களைத் தொடர்ந்து வாங்க வைப்பது எது? நம்ம ஊர் அனுபவத்தோடு யாராவது சொல்ல முடியுமா?

பதில்:

முதல் தடவை வாங்க வைப்பது விலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது தொடர்ந்து வாங்குவதைப் பற்றி. அதற்கு என் பதில், கூப்பிட்ட ஆள். குழுவில் சேர்த்துவிட்டது யார், பொருளில் கோளாறு என்றால் யார் வீட்டு வாசலில் போய்க் கேட்கலாம் என்பதுதான் எங்கள் பக்கத்தில் அடுத்த ஆர்டரைத் தீர்மானிக்கிறது. என் மைனி (மதினி) திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலில் இப்படி ஒரு வாட்ஸப் குழுவை நடத்துகிறார். நான் இருப்பது பெருமாள்புரத்தில், எங்கள் தெருவிலும் ஒரு குழு உண்டு. இரண்டையும் கூடவே இருந்து பார்த்து வருவதால் இதைச் சொல்கிறேன்.

விலையை மட்டும் நம்பிய தளங்கள் என்ன ஆயின என்று முதலில் பாருங்கள். ஆள் சேரச் சேர விலை இறங்கும் என்ற யோசனையோடு 1999இல் அமெரிக்காவில் மெர்க்காட்டா என்ற தளம் வந்தது. 2001 தொடக்கத்திலேயே மூடிவிட்டார்கள். 2008இல் சிகாகோவில் குரூப்பான் தொடங்கியது. இத்தனை பேர் சேர்ந்தால்தான் சலுகை செல்லும் என்பது அப்போது அதன் கணக்கு. இந்தியாவில் ஸ்னாப்டீல்கூட 2010இல் இதே மாதிரி கூப்பன் வியாபாரமாகத்தான் ஆரம்பித்தது, அப்புறம்தான் எல்லாக் கடைக்காரர்களும் விற்கும் சந்தையாக மாறியது. 2013 செப்டம்பரில் வெங்காயம் கிலோ அறுபதைத் தாண்டி விற்றபோது குரூப்பான் இந்தியா கிலோ 9 ரூபாய்க்குக் கொடுத்தது. கூட்டம் தாங்காமல் தளமே படுத்துவிட்டது. ஆனால் அது வெங்காயத்துக்கு வந்த கூட்டம். அடுத்த வாரம் அந்தத் தளத்தில் வேறு எதையோ வாங்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. 2015இல் குரூப்பான் இந்தியா என்ற பெயரே போய் நியர்பை ஆகிவிட்டது.

கடைக்காரர் பக்கத்தையும் உங்கள் ப்ராஜெக்டில் விட்டுவிடாதீர்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் உத்பல் தோலகியா 2010இல் குரூப்பானில் சலுகை கொடுத்த 150 கடைகளிடம் கேட்டார். 32 சதவீதம் பேர் லாபம் இல்லை என்றார்கள். பாதி விலைக்குக் கொடுத்து, அந்தப் பாதியிலும் ஏறத்தாழ பாதியைத் தளத்துக்குக் கொடுத்தால் கடைக்காரர் கையில் என்ன மிஞ்சும்? நஷ்டத்துக்கு விற்கிறவர் கூப்பனோடு வரும் ஆளை முகம் கொடுத்து வரவேற்க மாட்டார். ஒரு தடவை அப்படி அவமானப்பட்டவர் தளத்தையே விட்டுவிடுவார், சலுகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும்.

சரி, முக்கூடலுக்கு வருகிறேன். அங்கே பெண்கள் பெரும்பாலும் பீடி சுற்றுகிறவர்கள், வாரச் சம்பளம். மைனி முதலில் நடத்தியது தீபாவளிப் பலகாரச் சீட்டு. வாராவாரம் கொஞ்சம் கட்டி வந்தால் தீபாவளிக்கு எண்ணெய், மாவு, சர்க்கரை, பட்டாசு எல்லாம் மொத்தமாகக் கைக்கு வரும். இதுவும் ஆள் சேர்த்து, மொத்த விலைக்கு வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் வியாபாரம்தான். கட்டியவர்களுக்கு டவுனில் எந்தக் கடையில் மைனி சரக்கு எடுக்கிறார் என்பதுகூடத் தெரியாது. போன வருஷம் சொன்னபடி கொடுத்தாரா, அவ்வளவுதான் அவர்களுக்குக் கணக்கு. போன் வந்த பிறகு அதே பெண்கள்தான் அவருடைய வாட்ஸப் குழுவுக்கு வந்தார்கள். அவர்களில் பலருக்கு வாங்கும் தளத்தின் பெயர் இன்றைக்கும் தெரியாது. "மைனி குரூப்பு" என்றுதான் சொல்வார்கள்.

மைனி செய்யும் ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தளத்தில் வரும் படத்தை அப்படியே குழுவில் போட்டு ஆர்டர் எடுக்க மாட்டார். நைட்டியோ பாத்திரமோ, முதலில் தனக்கு ஒன்று வரவழைப்பார். முற்றத்து வெயிலில் வைத்துத் தன் போனில் படம் எடுப்பார். "கலரு படத்துல இருக்கத விடக் கொஞ்சம் மங்கல்தான், துணி மெலிசு, வீட்டுக்குப் போட்டுக்கிடலாம்" என்று குரல் பதிவு போடுவார். அதனால் சிலர் வேண்டாம் என்று விலகிவிடுவார்கள். வாங்கியவர்கள் ஏமாந்தோம் என்று சொல்வதில்லை.

ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு வடிவம் கொடுத்திருக்கிறார்கள், உங்கள் ப்ராஜெக்டுக்கு அது கட்டாயம் உதவும். வாடிக்கையாளர் திருப்தியைப் பற்றி ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் சொன்னதை வைத்து, அனோல் பட்டாச்சார்ஜி 2001இல் ஆன்லைன் வங்கிச் சேவையைப் பயன்படுத்துகிறவர்களிடம் சோதித்துப் பார்த்தார். வாங்கும் முன் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. பயன்படுத்திய பிறகு அது நிறைவேறியதா என்று மனம் சரிபார்க்கிறது. நிறைவேறினால் திருப்தி, திருப்தியும் இது பயனுள்ளது என்ற எண்ணமும் சேர்ந்து தொடர வைக்கின்றன. இதில் நான் முக்கியமாக நினைப்பது, எதிர்பார்ப்பை எவ்வளவு உயரத்தில் வைக்கிறோம் என்பது. தளங்கள் அதை ஏற்றிவிட்டு முதல் ஆர்டரைப் பிடிக்கின்றன. மைனி அதை இறக்கி வைத்து அடுத்த ஆர்டரைப் பிடிக்கிறார்.

இன்னொன்று கடன். தளத்தில் பெரும்பாலும் பணம் உடனே கட்ட வேண்டும், இல்லை பொருள் வரும்போது கையில் ரொக்கம் இருக்க வேண்டும். வார நடுவில் பீடி சுற்றுகிற வீட்டில் அது இருக்காது. மைனி தன் கையிலிருந்து போட்டு எடுத்துவிட்டு, சம்பளம் வந்ததும் வாங்கிக்கொள்வார். எந்தத் தளமும் இந்த வசதியை முகம் பார்த்துக் கொடுக்க முடியாது. திரும்ப வாங்குவதற்கு இது எவ்வளவு பெரிய காரணம் என்பது கேள்வித்தாளில் "விலை, தரம், நம்பிக்கை" என்று கட்டம் போட்டுக் கேட்டால் வெளியே வராது.

எங்கள் தெருக் குழுவில் கதை வேறு. இங்கே அம்பாசமுத்திரம் பக்கத்து ஆலையிலிருந்து இட்லிக்கு அம்பை 16 அரிசியை மூட்டையாக எடுத்துப் பிரிக்கிறோம். நைட்டி வருஷத்துக்கு நாலைந்து வாங்கினால் போதும், அரிசி தீர்ந்துகொண்டே இருக்கும். அடிக்கடி தீரும் பொருள் இருந்தால் பழக்கம் தானாக உருவாகிறது. சீனாவில் 2015இல் தொடங்கிய பின்துவோதுவோ என்ற தளம் வளர்ந்தது பழம், காய்கறியைக் குழுவாக வாங்க வைத்துத்தான். தனியாக வாங்கினால் ஒரு விலை, தெரிந்தவர்களைச் சேர்த்தால் அதைவிடக் குறைந்த விலை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவார்கள். 2020 முடிவில், ஓராண்டில் வாங்கியவர்கள் எண்ணிக்கையில் 78 கோடியைத் தாண்டி அலிபாபாவையே முந்தியது.

திரும்ப வாங்குவதெல்லாம் திருப்தியால் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். "அக்கா, இன்னும் ரெண்டு பேரு சேந்தா போதும், நீங்க எடுக்கியளா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்கும்போது முகத்துக்கு நேரே மறுப்பது கஷ்டம். கூடவே திரையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். போன மாதம் அவள் என் அரிசிக்குச் சேர்ந்தாள், இன்று அவள் டப்பாவுக்கு நான் சேர வேண்டும். இப்படி வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள் எங்கள் தெருவில் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. இதைத் திருப்தியோடு சேர்த்து எண்ணுவது தப்பு என்பது என் திடமான எண்ணம். இந்தக் கட்டாயத்தில் ஓடும் குழு ஒருநாள் சட்டென்று அமைதியாகிவிடும். யாரும் சண்டை போட மாட்டார்கள், செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பார்கள்.

குழு உடைவதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் குக்கருக்கு ஆள் சேர்ந்து, எல்லோரும் பணம் கட்டிய பிறகு, தளம் ஆர்டரை ரத்து செய்துவிட்டது. பணமும் வங்கிக்குத் திரும்பவில்லை, அந்தத் தளத்தின் வாலட்டுக்குப் போனது. சேர்த்த பெண்தான் வீடு வீடாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அதற்குப் பிறகு யாரையும் எதற்கும் கூப்பிடவில்லை. ஒரு ஆர்டரை ரத்து செய்ததாகத் தளம் நினைத்திருக்கும். ஆனால் எங்கள் தெருவில் அவள் வழியாகப் போன அத்தனை பேரும் அத்தோடு நின்றுவிட்டார்கள்.

அதனால் உங்கள் கேள்வித்தாளில் "உங்களை முதலில் சேர்த்தவர் யார், அவர் இன்னும் வாங்குகிறாரா?" என்ற கேள்வியைக் கட்டாயம் வையுங்கள். கூகுள் ஃபார்ம் லிங்கை குழுக்களில் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள், ஏற்கெனவே விலகியவர்களுக்கு அது போய்ச் சேராது. முக்கூடலுக்கும் மேலப்பாளையத்துக்கும் நேரில் போய், வாங்குவதை நிறுத்தியவர்களைத் தேடிக் கேளுங்கள். மதியத்துக்கு மேல் போனால் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டே நிதானமாகப் பேசுவார்கள்.