ஏடிஎச்டி பிள்ளைகள்: மலையகப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

கவனம் நிலைக்காமை, அளவுக்கு மீறிய துடியாட்டம், யோசிக்காமல் செய்துவிடுவது ஆகியவை சேர்ந்தோ தனித்தோ தெரியும் நிலைதான் ஏடிஎச்டி (ADHD). பதில் சொல்பவர் விசேட கல்வி ஆசிரியை ஒருவர்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் அம்மா: டீச்சர், மகனுக்கு ஏழு வயது. காலையில் நான் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) ஓடணும். "முகம் கழுவு, உடுப்பு மாத்து, பையை எடு" என்று சொன்னால், ஒற்றைச் சப்பாத்தோடு வாசலில் நாய்க்குட்டியிடம் நிற்கிறான். தினமும் கத்தல்தான்.

தங்கச்சி, ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்கிறீர்கள். அவனுக்கு முதலாவது மனதில் பதிவதற்குள் மற்ற இரண்டும் நழுவிவிடும். அடுப்படியிலிருந்து கூப்பிடாமல் கிட்டப் போய்த் தோளைத் தொடுங்கள். அவன் உங்களைப் பார்த்த பிறகு ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அது முடிந்ததும் அடுத்தது.

உடுப்பு, பை, சப்பாத்து எல்லாம் முந்தின இரவே கதவோரம் ஒரே இடத்தில் இருக்கட்டும். காலை வேலைகளை அவனே படமாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டட்டும். "அடுத்தது எது?" என்று படத்தைக் காட்டினால் போதும். நீங்கள் மலைக்குப் போன பிறகு அப்பாயியும் அதே படத்தைத்தான் காட்ட வேண்டும். ஆளுக்கொரு முறை என்றால் பிள்ளை குழம்பிவிடுவான்.

ஒவ்வொன்றும் முடிந்த அந்த நொடியிலேயே பாராட்டுங்கள். "ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குக் கூட்டிப்போகிறேன்" என்பது இந்தப் பிள்ளைகளுக்கு எட்டாத தூரம். சில வாரத்தில் படம் அலுத்துவிடும், அப்போது புதிதாக வரையச் சொல்லுங்கள்.

பதுளையிலிருந்து ஓர் அப்பா: பத்து வயது மகன். அடித்தால் கொஞ்ச நேரம் ஒழுங்காக இருக்கிறான். அடிப்பது சரிதானே?

இல்லை ஐயா. அந்தக் கொஞ்ச நேரம் பயத்தில் இருக்கிறான், அதில் எதையும் பழகுவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் தன்னை நிறுத்திக்கொள்ள முடிவதில்லை. 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஸ்கேன் ஆய்வில், மூளையின் மேற்படலம் உச்சத் தடிப்பை அடையும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரையாகவும், ஏடிஎச்டி உள்ளவர்களுக்குப் பத்தரையாகவும் இருந்தது. கவனத்தை நடத்தும் முன்பகுதியில்தான் தாமதம் அதிகம். ஆகவே பொறுமை விஷயத்தில் அவன் வயதைக் குறைத்தே கணக்குப் போடுங்கள். பந்தைச் சுவரில் எறிந்தால் பந்தைப் பத்து நிமிடம் வாங்கி வையுங்கள், பிறகு கொடுத்துவிடுங்கள். பழைய குற்றங்களை இழுக்க வேண்டாம்.

அப்புத்தளை: இனிப்பும் போனும்தான் காரணமா?

இனிப்பால் வருவதில்லை. பெரும்பங்கு பரம்பரை. போனைப் படுக்கைக்கு முன் வாங்கி வையுங்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் கவனம் இன்னும் மோசமாகும்.

தலவாக்கலை: லயத்தில் பக்கத்து வீட்டு டிவி சத்தம். எப்படி வீட்டுப்பாடம் செய்ய வைப்பது?

வந்ததும் சாப்பாடு, கொஞ்சம் விளையாட்டு. அப்புறம் சுவரைப் பார்த்து உட்காரட்டும், முன்னால் ஒரு கொப்பி மட்டும். பத்து நிமிடம் எழுதியதும் பீலிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவரட்டும், திரும்பப் பத்து நிமிடம். கால் ஆட்டினாலும் நின்றுகொண்டே எழுதினாலும் விட்டுவிடுங்கள்.

ஹட்டன்: மகள் ஐந்தாம் தரம். துடியாட்டம் இல்லை, ஆனால் எப்போதும் கனவில் இருக்கிறாள். புலமைப்பரிசில் வருகிறதே!

அமைதியான பெண் பிள்ளைகளைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு டாக்டரிடம் போங்கள். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியதா, ஆறு மாதமாவது நீடிக்கிறதா, வீட்டிலும் பாடசாலையிலும் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அதனால் வகுப்பாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1926 மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். புலமைப்பரிசிலை விட இது அவசரம்.

கண்டி: ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெதில்ஃபெனிடேட் மருந்து தொடங்கியதிலிருந்து மகன் மத்தியானம் சாப்பிடுவதே இல்லை.

இந்த மருந்துக்குப் பசி குறைவது வழக்கம். காலையில் வயிறாரச் சாப்பிட்ட பிறகு குளிசையைக் கொடுங்கள். சாயங்காலம் மருந்தின் வேகம் குறையும்போது பசி திரும்பும்; அப்போது முட்டை, பருப்பு, பால் என்று சத்தாகக் கொடுங்கள். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் நிறையையும் உயரத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். நிறை குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாகவே நிறுத்தவோ அளவைக் குறைக்கவோ வேண்டாம்.