வன்னிக் காடு எரியும்போது செய்மதியும் ட்ரோனும் உதவுமா?

வெளிநாடுகளில் காட்டுத்தீயை எதிர்கொள்ள செய்மதி, ட்ரோன், செயற்கை நுண்ணறிவு என்று நிறைய வந்துவிட்டன, வன்னிக்கு இவற்றில் எது பயன்படும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வன்னியில் நெடுங்கேணிப் பக்கம். ஓர் ஆவணி மாதம், சோளகம் அடித்துக்கொண்டிருந்த நேரம், எங்கள் ஊருக்குப் பின்னால் தேக்கங்காட்டில் தீ பிடித்தது. குளக்கட்டில் நின்றவர்கள் புகையைக் கண்டு, ஆள் சேர்த்து, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் இரண்டு பரல் தண்ணீர் ஏற்றிப் போய்ச் சேர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. பச்சைக் குழையால் அடித்துத்தான் அணைத்தோம். சித்தப்பாவின் முழங்கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. அதனால் எனக்கு அணைக்கிற கருவியைவிட முந்திச் சொல்கிற கருவிதான் முக்கியம்.

அது இப்போதே இலவசமாக இருக்கிறது. நாசாவின் ஃபர்ம்ஸ் (FIRMS) என்ற தீ கண்காணிப்பு இணையத்தளத்தில் உங்கள் பகுதியை வரைபடத்தில் குறித்து மின்னஞ்சலைக் கொடுத்தால், அங்கே வெப்பப் புள்ளி தெரிந்ததும் தகவல் வரும். அதற்குத் தகவல் தரும், செய்மதியில் பூட்டிய வியர்ஸ் (VIIRS) என்ற கருவி 375 மீட்டர் அளவுக்குத் துல்லியமாகப் பார்க்கிறது. ஆனால் அதைச் சுமக்கும் செய்மதிகள் நம் தலைக்கு மேல் வருவது பிற்பகல் ஒன்றரை, இரவு ஒன்றரை மணியை ஒட்டித்தான், தகவல் வந்துசேர மூன்று மணித்தியாலம் வரை ஆகலாம். பின்னேரம் நாலு மணிக்கு யாராவது வேட்டைக்காக வைத்த தீ நள்ளிரவு தாண்டித்தான் அதன் கண்ணில் படும். மரங்களுக்கு அடியில் சருகை மட்டும் தின்று ஊர்கிற தீ படாமலே போகலாம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஃபயர்சாட் என்ற திட்டம் வருகிறது. 2025 மார்ச்சில் முதல் செய்மதி ஏவப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவை சேர்ந்ததும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் தீயைக்கூட இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவர்களின் இலக்கு. கலிபோர்னியாவில், பெரும்பாலும் மலை உச்சிகளில் பூட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கமராக்களின் படங்களில் புகையைக் கணினியே தேடுகிறது. நமக்கு மலை இல்லை, சரி, கமரா பூட்டப் போன் கோபுரங்கள் இருக்கின்றனவே.

ட்ரோன் விசயத்தில் வன்னியின் நிலைமை வேறு. போருக்குப் பிறகும் சில காடுகளுக்குள் மிதிவெடியும் வெடிக்காத எறிகணையும் கிடக்கின்றன, தீயின் சூட்டில் அவை வெடிக்கக்கூடும். அப்படியான இடத்துக்குள் குழையோடு இளம்பிள்ளைகள் ஓடுவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறும். வெப்பக் கமரா பூட்டிய ட்ரோன் ஒன்று மேலே நின்றால், தீயின் முனை எங்கே போகிறது, அணைந்தது என்று நினைத்த எந்தக் குற்றி உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது என்று இரவிலும் காட்டும். ஆள் உள்ளே போகத் தேவையில்லை, பாதையில் நின்றே தடுக்கலாம். எனக்குக் கிடைக்கும் என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான். விமான அனுமதி வேண்டும் என்பதால் இது தனி ஆளிடம் இல்லாமல் மாவட்ட அளவில் ஓர் அலுவலகத்தின் பொறுப்பில் இருப்பது நல்லது.

அப்புறம், ஒரு சின்ன விசயம். இந்தியாவில் வனத்துறையினர் சருகு ஊதும் இயந்திரத்தால் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். நம் வயல்காரர்களிடம் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் எஞ்சின் மிஷின் இருக்கிறது, மருந்துத் தாங்கியை நன்றாகக் கழுவிக் காயவிட்டு வெறும் காற்றை மட்டும் விட்டால் அதுவும் சருகை ஒதுக்கும். தீ வருவதற்கு முன், தூரத்திலேயே செய்து முடித்துவிட வேண்டும். எரிகிற தீக்குப் பக்கத்தில் ஊதினால் தீயை வளர்த்துவிடும், முதுகில் பெற்றோலும் இருக்கிறது.

எங்கள் ஊரில் நானும் இன்னும் இரண்டு பேரும் ஃபர்ம்ஸில் பதிந்திருக்கிறோம். தகவல் வந்தால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவோம், கிராம சேவகருக்குச் சொல்வோம், தேவையென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைப்போம். நீங்கள் எந்த ஊர் என்று கீழே எழுதினால் வரைபடத்தில் குறிப்பது எப்படி என்று சொல்லித் தருகிறேன், ஆடி பிறக்குமுன் செய்துவிடலாம்.