பெட்டி 899, மதிப்பு 3,400: கணக்கு எங்கே இடிக்கிறது?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாதம் ஒரு தீம் வைத்து அழகுசாதனம், மெழுகுவத்தி, டீ என்று கலந்து அனுப்பும் சந்தா பெட்டி ஒன்றில், நாத்தனார் மகள் கொடுத்த ரெஃபரல் கோடு போட்டுச் சேர்ந்தேன். மாதம் 899 ரூபாய், டெலிவரிக்கு 79. 5ஆம் தேதியானால் யுபிஐயில் தானாகப் போய்விடுகிறது. 'உள்ளே 3,400 ரூபாய் மதிப்பு' என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். 'மழைக்கால ஓய்வு' என்று இந்த மாதம் வந்த பெட்டியின் பட்டியலும் படங்களும் இணைத்திருக்கிறேன். லாபமா, நஷ்டமா? 7,999 கட்டினால் வருஷம் முழுக்க என்கிறார்கள், மாறலாமா? வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவது?"

நஷ்டம். மாற வேண்டாம். நிறுத்துவது எளிதுதான், ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் போதாது. இனி விவரம்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஏழு உருப்படிகள். 30 மில்லி முக சீரம் 699, ஷாம்பு 50 மில்லி 350, வாசனை மெழுகுவத்தி 60 கிராம் 899, கொரியன் ஷீட் மாஸ்க் ஒன்று 200, டீ பை பத்து 250, லிப் பாம் 299, கடைசியாக '700 ரூபாய் மதிப்புள்ள வவுச்சர்'. கூட்டினால் 3,397. அவர்கள் கூட்டலில் பிழையில்லை, கூட்டிய எண்களில்தான் பிழை.

முதலில் வவுச்சரை வெளியே தூக்கிப் போடுங்கள். 1,999 ரூபாய்க்கு வாங்கினால் 700 கழிவு என்று அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. செலவு செய்யச் சொல்லும் சீட்டுக்கு மதிப்பு பூஜ்யம். அடுத்தது ஷாம்பு. அதே ஷாம்பு 200 மில்லி பாட்டில் 600 ரூபாய் என்றால் 50 மில்லிக்கு 150தான் வரும். சின்ன பாட்டிலுக்குத் தனி விலை வைத்து 350 என்று போட்டிருக்கிறார்கள். மெழுகுவத்தி அந்தக் கம்பெனியின் சொந்த பிராண்ட், வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது. யாரும் எங்கும் கொடுத்து வாங்காத விலையை 899 என்று போட்டால் என்ன, 1,899 என்று போட்டால் என்ன? அதே எடை, அதே மாதிரி மெழுகுவத்தி கடையில் எவ்வளவு என்று பார்த்து, 200 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றவற்றுக்கும் எம்ஆர்பியை எடுக்காதீர்கள். அழகுசாதனங்களை எம்ஆர்பிக்கே வாங்குகிறவர்கள் குறைவு. இரண்டு மூன்று ஆன்லைன் கடைகளில் சாதாரண நாளில் போகும் விலையைப் பாருங்கள், பண்டிகைத் தள்ளுபடி நாள் வேண்டாம். சீரம் 480, மாஸ்க் 120, டீ 180, லிப் பாம் 150 என்று வைத்து, மேலே சொன்ன ஷாம்பு 150, மெழுகுவத்தி 200 இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 1,280. 3,400 எங்கே, 1,280 எங்கே!

இதோடு முடியவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் இன்னொரு எண் போடுங்கள். இது வராவிட்டாலும் இந்த மாதம் காசு கொடுத்து வாங்கியிருப்பேன் என்றால் முழு விலை. வந்துவிட்டது, பயன்படுத்துவேன் என்றால் பாதி. அலமாரிக்குப் போகும் என்றால் பூஜ்யம். காபி வீட்டில் டீ பை ஓடாது என்று எழுதியிருக்கிறீர்கள், லிப் பாம் ஏற்கெனவே இரண்டு கிடக்கிறதாம், இரண்டும் பூஜ்யம். சீரம் ஒன்று திறந்த நிலையில் கையில் இருப்பதால் புதியதற்குப் பாதி, 240. மெழுகுவத்தி பாதி, 100. ஷாம்பு 150, மாஸ்க் 120. ஆக 610. நீங்கள் கொடுத்தது 899ம் 79ம் சேர்த்து 978. மாதா மாதம் 368 ரூபாய் அட்டைப்பெட்டிக்கும் ரிப்பனுக்கும் போகிறது.

வருடச் சந்தா 7,999 என்றால் மாதம் 667 விழுகிறது. டெலிவரி 79 தனி என்று அதே பக்கத்தில் இருக்கிறது, ஆக 746. அதுவும் 610க்கு மேல்தான். அது மட்டுமல்ல. 30 மில்லி சீரம், காலை மாலை நாலைந்து சொட்டு போட்டால் ஏறக்குறைய இரண்டு மாதம் வரும். வருடத்துக்குப் பன்னிரண்டு பெட்டி, எழுபதுக்கு மேல் பொருட்கள். யார் முகத்தில் இவ்வளவும் தீரும்? வைட்டமின் சி சீரம் திறந்து வைத்தால் காற்றுப் பட்டு மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும், அப்புறம் குப்பைதான். டப்பாவில் திறந்த மூடி படமும் அதற்குள் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருந்தால், திறந்த பிறகு அத்தனை மாதம் என்று பொருள். முன்பணம் கட்டிய கம்பெனி நடுவில் கடையை மூடினால் பணம் வர வேண்டியவர்கள் வரிசையில் கடைசியில் நிற்பது நீங்கள்தான். எந்தச் சந்தா பெட்டிக்கும் மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள்.

3,400க்கு எப்படி 899 என்று தோன்றுவது இயல்பு. நியூயார்க்கில் 2010இல் பெர்ச்பாக்ஸ் என்ற கம்பெனி மாதம் 10 டாலருக்கு அழகுசாதன சாம்பிள்களைப் பெட்டியில் போட்டு அனுப்பத் தொடங்கியதிலிருந்தே இதன் அடிப்படை ஒன்றுதான்: தயாரிப்பாளர்களுக்கு இது விளம்பரச் செலவு. புதிதாக வந்ததை, விற்காமல் நிற்பதை, காலாவதி நெருங்குவதை இலவசமாகவோ சல்லிசாகவோ கொடுப்பார்கள். தீம் என்பது பெரும்பாலும் சரக்கு வந்த பிறகு சூட்டும் பெயர். கிடங்கில் மெழுகுவத்தியும் டீயும் இருந்தால் 'மழைக்கால ஓய்வு', சன்ஸ்கிரீன் இருந்தால் 'கடற்கரை'. அதனால் பெட்டி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது காலாவதித் தேதி. நான்கு மாதத்துக்குள் முடிகிற சீரத்துக்குப் பாதி மதிப்புகூடப் போடாதீர்கள்.

உங்கள் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. லிப் பாம் டப்பாவின் அடியில் வெள்ளை ஸ்டிக்கர், அதில் 299. ஒரு மூலை கிளம்பிய இடத்தில் பழைய அச்சு தெரிகிறது: 199. இது கூடாது. விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், அப்போதும் அசல் விலையை மறைக்கக் கூடாது. ஏற்றி ஒட்டுவது சட்டமுறை எடையளவு விதிகளுக்கு விரோதம். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. ஸ்டிக்கரைப் பிய்க்காமல் அப்படியே வைத்துப் புகார் கொடுங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. அது தெரியாமல் பலர் நல்ல பொருளைப் போலி என்று புகார் செய்துவிடுகிறார்கள். உங்கள் கொரியன் மாஸ்க்கின் பின்னாலும் ஸ்டிக்கர் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளில் பெரும்பாலும் இந்திய எம்ஆர்பி அச்சாகி வராது, அதனால் இறக்குமதியாளர் ஸ்டிக்கர் ஒட்டித்தான் ஆக வேண்டும். அதில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி இருக்க வேண்டும். அழகுசாதனமாக இருந்தால் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். இவை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டியதே சரி, ஒட்டாமல் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். உங்கள் மாஸ்க்கில் எல்லாம் இருக்கிறது. ஸ்டிக்கரே இல்லாத, கொரிய எழுத்து மட்டும் உள்ள பொருள் வந்தால் முகத்தில் போடாதீர்கள். யாரோ பயணப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த சரக்காக இருக்கலாம், அலர்ஜி வந்தால் கேட்க ஆள் இருக்காது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இறக்குமதி ஸ்டிக்கரின் மேல் இன்னொரு விலை ஸ்டிக்கர் இருந்தால் விலக்கு அங்கே நின்றுபோய்விடும், அதுவும் லிப் பாம் கதைதான்.

இனி நிறுத்துவது. போனிலிருந்து அவர்களுடைய செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. பலர் அதோடு விட்டுவிட்டு அடுத்த மாதம் பணம் போனதும் அலறுகிறார்கள். முதலில் கம்பெனி கணக்கில் போய்ச் சந்தாவை ரத்து செய்யுங்கள். 'இடைநிறுத்து' என்ற பொத்தானைப் பெரிதாகவும் 'ரத்து செய்' என்பதை மங்கலாகவும் வைத்திருப்பார்கள். இடைநிறுத்தினால் ஒரு மாதம் கழித்துத் தானாக உயிர் பெற்றுவிடும். ரத்தான பக்கத்தைத் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. ரத்து செய்வதற்கு முன் உச்சவரம்புத் தொகை எவ்வளவு என்று ஒரு தடவை பாருங்கள். 899 ரூபாய் சந்தாவுக்கு 5,000 வரை எடுக்க அனுமதி வாங்கி வைத்திருக்கலாம். 15,000 வரை மாதப் பிடித்தத்துக்கு ஓடிபியோ பின் நம்பரோ கேட்காது என்பது ரிசர்வ் வங்கி விதி. பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பதும் விதிதான். அந்த எஸ்எம்எஸ் லோன் விளம்பரங்களுக்கு நடுவே வந்து புதைந்துபோகும். யாரும் படிக்க முடியாத இடத்தில் அறிவிப்பைக் கொடுத்துவிட்டு நுகர்வோரைப் பாதுகாத்துவிட்டோம் என்று சொல்வதில் நம் அமைப்புகளுக்கு நிகர் கிடையாது.

போன பணத்தை வங்கியிடம் 'எனக்குத் தெரியாமல் எடுத்தார்கள்' என்று கேட்டால் எடுபடாது, அனுமதி உங்கள் பின் நம்பரில்தான் பதிவாகியிருக்கிறது. ரத்து செய்த பிறகும் எடுத்தால் கதை வேறு. அப்போது ஸ்கிரீன்ஷாட்டோடு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இது 2020ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதி. நடைமுறையில் டிக்கெட் எண்ணோடு ஒரு தானியங்கி பதில் வந்துவிடும், விதி நிறைவேறிவிட்டது!

அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அவர்கள் உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். 'தீர்ந்தது' என்று கம்பெனி எழுதினால் புகாரை மூடிவிடுவதும் உண்டு. தீரவில்லை என்று விடாமல் மறுபடி எழுதுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் கோவையிலேயே மனு போடலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், இரண்டு வருட அவகாசம் உண்டு. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆணையங்களின் தேதிப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் இலவசம் என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நடுவில் ஒரு கூட்டம் கடை விரித்திருக்கிறது. 'உங்கள் புகாரைப் பதிந்து ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம்' என்று அரசுத் தளம் மாதிரியே நீல நிறத்தில் பக்கம் வைத்து 499, 999 என்று வாங்குகிறார்கள். 1915க்கு நீங்கள் பேசுவதையே அவர்கள் தட்டச்சு செய்து அனுப்புவார்கள், அல்லது அதுவும் செய்ய மாட்டார்கள். இன்னும் மோசமானவர்கள் தேடுபொறியில் கம்பெனி பெயரோடு போலி கஸ்டமர் கேர் எண்ணைப் போட்டு வைத்திருப்பவர்கள். ரீஃபண்ட் அனுப்ப ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், அது உங்கள் போன் திரையை அவர்களுக்குக் காட்டும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போட வேண்டியதே இல்லை. பின் கேட்டால் அது உங்கள் பணத்தை எடுக்கத்தான். எண் வேண்டுமானால் பெட்டியின் மேல் அச்சடித்ததை மட்டும் எடுங்கள்.

பெட்டி திறக்கும் வீடியோக்காரர்களும் இந்த வகையில் சேர்த்திதான். இலவசமாக வந்ததையும் கமிஷன் வாங்குவதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறையே வழிகாட்டுதல் வெளியிட்டது. 'லிங்க் கீழே இருக்கு' என்பதைத் தவிர ஒன்றும் சொல்வதில்லை. அவர்களுக்குப் போகும் பெட்டி பொறுக்கி எடுத்து நிரப்பியதாக இருக்கலாம், உங்களுக்கு வருவது அதுவல்ல. நாத்தனார் மகளைக் கோபிக்க வேண்டாம், அவளுக்குக் கிடைத்தது கொஞ்சம் பாயிண்ட்தான்.

வருடச் சந்தா பக்கத்தில் ஓடும் 'இன்று இரவோடு சலுகை முடிகிறது' கடிகாரத்தை மதிக்காதீர்கள், பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும். பொய் அவசரம், கடைசிப் பக்கத்தில் முளைக்கும் டெலிவரிக் கட்டணம், வெளியேற முடியாத சந்தாப் பொறி எல்லாமே 2023 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த பதின்மூன்று ஏமாற்று உத்திகளின் பட்டியலில் இருக்கின்றன.

5ஆம் தேதி பிடித்தம் என்பதால் 2ஆம் தேதிக்குள் இரண்டு ரத்தையும் முடித்துவிடுங்கள். 4ஆம் தேதி முன்னறிவிப்பு எஸ்எம்எஸ் வந்தால் ஏதோ ஒன்று ரத்தாகவில்லை என்று பொருள், அன்றே யுபிஐ செயலியில் மறுபடி பாருங்கள். சீரத்தைத் திறக்காமல் குளிர்ந்த, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள், கையில் இருப்பது தீர்ந்த பிறகு எடுக்கலாம்.