லண்டன் கிறிஸ்துமஸ் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் நாகர்கோவில் பக்கம். வேலைக்காக லண்டன் வந்தபின் இதுதான் முதல் டிசம்பர். சின்ன வயதிலிருந்தே கிறிஸ்துமஸ் என்றால் லண்டன்தான் என்று ஒரு நினைப்பு. எல்லாம் வாழ்த்து அட்டைகள் செய்த வேலை. போன சனிக்கிழமை ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட், ரீஜென்ட் ஸ்ட்ரீட் எல்லாம் சுற்றினேன். விளக்கு இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. ஆனால் எல்லார் கையிலும் பை, எல்லார் முகத்திலும் அவசரம். டிரஃபால்கர் சதுக்கத்து மரத்தைப் பற்றி அவ்வளவு கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் ஒல்லியாக, நாலு சரம் விளக்கோடு நிற்கிறது. எங்கள் ஊர் குருசடியில்கூட இதைவிட நன்றாகச் செய்வார்கள். வீட்டு வாசல்களில் ஸ்டார் இல்லை, தெருமுனையில் குடில் இல்லை, கேரல் வருவதில்லை. மழை வேறு. 25ஆம் தேதி பஸ், ரயில் எதுவும் ஓடாது என்று ஆபீஸில் சொல்கிறார்கள். பண்டிகை நாளில் ஊரையே மூடுவார்களா? நான்தான் தவறான இடத்தில் தேடுகிறேனா, இல்லை இவர்களுக்கே கிறிஸ்துமஸ் விட்டுப்போய்விட்டதா?

ஜெ.,
ஈஸ்ட் ஹாம்

அன்புள்ள ஜெ.,

நீங்கள் சுற்றிப் பார்த்த ரீஜென்ட் ஸ்ட்ரீட் விளக்குகளே உங்களுடையதைப் போன்ற ஒரு புலம்பலில் பிறந்தவைதான். 1954ஆம் வருடம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒன்பது வருடமாகியும் இறைச்சி ரேஷன் அந்த ஜூலையில்தான் முடிவுக்கு வந்திருந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் களையில்லாமல் கிடக்கிறது என்று டெய்லி டெலிகிராஃப் எழுதியது. அந்தத் தெருவின் வியாபாரிகள் சங்கம் ரோஷப்பட்டு, தன் கைக்காசில் விளக்குப் போட்டது. ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் 1959இல் சேர்ந்துகொண்டது. 1967இல் வியாபாரம் மந்தமானதும் அங்கே நிறுத்திவிட்டார்கள். 1978இல் லேசர் வெளிச்சத்தோடு மறுபடி ஆரம்பித்தார்கள். 2022இல் மின்கட்டணம் எகிறியபோது விளக்கெரியும் நேரத்தைக் குறைத்தார்கள்.

ஆக அது கடைக்காரர்கள் போடும் விளக்கு. வியாபாரம் நடந்தால் எரியும், நடக்காவிட்டால் அணையும். டிசம்பரில் அங்கே நாலு மணிக்கே சூரியன் போய்விடுகிறது. அந்த இருட்டில் ஆட்களைத் தெருவில் நிறுத்திவைக்க ஒரு வழி வேண்டுமே. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதன் கீழே நின்றுகொண்டு பண்டிகையைத் தேடினால் பைதான் கண்ணில் படும். ஹைட் பார்க்கில் நடக்கும் விண்டர் வொண்டர்லேண்டுக்கும் உங்களை யாராவது இழுத்துப் போவார்கள். அது ராட்டினமும் பீரும் வைத்த தீவுத்திடல் பொருட்காட்சி. ஆசை இருந்தால் போங்கள்.

மரத்தைப் பற்றி மட்டும் உங்களோடு சண்டை போடுவேன். 1940இல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது அந்நாட்டு மன்னர் ஏழாம் ஹாக்கோனும் அவருடைய அரசும் தப்பித்து லண்டனுக்கு வந்தார்கள். போர் முடியும்வரை லண்டன்தான் அவர்களுக்குத் தலைநகர் மாதிரி. மன்னர் பிபிசியில் பேசுவதை நார்வேக்காரர்கள் ஊரில் ஒளிந்திருந்து கேட்டார்கள். அந்த நன்றிக்காக 1947 முதல் வருடம் தவறாமல் ஆஸ்லோ நகரம் ஒரு மரத்தை அனுப்பிவைக்கிறது. 20 மீட்டருக்குமேல் உயரம், அனேகமாக உங்கள் அப்பா வயதிருக்கும். நவம்பரில் அதை வெட்டுவதற்கே ஒரு சடங்கு உண்டு, லண்டனிலிருந்து, அந்தச் சதுக்கம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியின் லார்டு மேயர் அதற்குப் போய்வருவார். பிறகு கப்பலில் வந்து, கிரேனில் தூக்கி நிறுத்தப்படுகிறது. கடையில் விற்கும் கிறிஸ்துமஸ் மரங்கள் தோட்டத்தில் சில வருடம் வளர்த்து, வடிவாகக் கத்தரித்துக் கொடுப்பவை. இது காட்டில் தன்பாட்டுக்கு வளர்ந்தது, இடைவெளி இருக்கத்தான் செய்யும். சரம் குறைவாகத் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. சுற்றிச் சுற்றிக் கட்டாமல் உச்சியிலிருந்து நேர்கீழாக விளக்கைத் தொங்கவிடுவது நார்வே வழக்கம். லண்டன்காரர்களே வருடாவருடம் இதைக் கிண்டல் செய்கிறார்கள். 2021இல் பாதி மரத்தைக் காணோம் என்று கேலி கிளம்பி, நகராட்சி மன்றமே பதில் சொல்லவேண்டி வந்தது. கிண்டல் செய்யட்டும். ஒரு ஊர் இன்னொரு ஊருக்கு இத்தனை வருடமாக நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது, அதைப்போய் அலங்காரப் போட்டியில் சேர்த்து மார்க் போட எனக்கு மனம் வரவில்லை.

டிசம்பர் மாலைகளில் அந்த மரத்தடியில் பாடகர் குழுக்கள் முறைவைத்து கேரல் பாடி ஏதாவது ஒரு தர்ம காரியத்துக்குக் காசு திரட்டும். நீங்கள் போன நேரத்தில் இல்லாமல் இருந்திருக்கலாம். வேலைநாளில் ஒரு சாயங்காலம் மறுபடி போய்ப் பாருங்கள்.

இனி, இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் விட்டுப்போய்விட்டதா என்ற கேள்வி. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டும் சேர்த்து தம்மைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 46.2 சதவீதம். முதன்முறையாகப் பாதிக்குக் கீழே போனது அப்போதுதான். ஆனால் மற்றவர்களும் கிறிஸ்துமஸை விட்டுவிடவில்லை, வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் ஸ்டார் தெருவைப் பார்த்துத் தொங்கும். அங்கே மரம் கூடத்துக்குள் நிற்கும், ஜன்னல் வழியாகக் கொஞ்சம் தெரிந்தால் உண்டு. மதியம் வான்கோழி, அதோடு யாருக்கும் பிடிக்காத பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட் என்ற குட்டி முட்டைகோஸ், பட்டாசு மாதிரி இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும் கிராக்கர், அதிலிருந்து விழும் காகிதக் கிரீடத்தை மாட்டிக்கொண்டு தாத்தாவிலிருந்து பேரன்வரை உட்கார்ந்து சாப்பிடுவது. மூன்று மணிக்கு மன்னர் பேச்சு. 1932இல் வானொலியில் தொடங்கியது அது. இதெல்லாம் உள்ளே நடப்பதால் வழியோடு போகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

இப்படி வீட்டுக்குள் கொண்டாடுவது அந்த ஊர்க்காரர்களின் பிறவிக் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். 1647இல் தூய்மைவாதிகள் (பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர்) கையிலிருந்த பாராளுமன்றம் கிறிஸ்துமஸையே தடைசெய்தது. கடையைத் திறந்துவை, வேலையைப் பார் என்று உத்தரவு. அந்த வருடம் லண்டன் கார்ன்ஹில்லில் தண்ணீர்க் குழாய்மேல் யாரோ பச்சை இலைக்கொத்துகளைச் சுற்றி அலங்காரம் செய்ய, அதைப் பிரித்துப்போட மேயர் தரப்பு வர, ரகளையாகிவிட்டது. தெரு அலங்காரத்துக்காக அடிதடிவரை போன ஊர்தான் இது!

ஊரை மூடுவது பற்றி நான் உங்களுக்கு நேரெதிர். நம் பக்கம் பண்டிகை என்றால் சிறப்புப் பேருந்து. அதை ஓட்டுகிறவர் தன் வீட்டுப் பண்டிகையை விட்டுவிட்டு வந்திருப்பார், நாமும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. லண்டனில் வருடத்தில் அந்த ஒரு நாள் டியூப் என்கிற சுரங்க ரயில் கிடையாது, பஸ் கிடையாது. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளைத் திறக்கக்கூடாது என்று 2004இல் சட்டமே போட்டார்கள். கல்லாவில் நிற்கும் பெண்ணும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்பதற்காகத்தான். சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு. அதனால் உங்கள் ஈஸ்ட் ஹாமில் பால், பச்சைமிளகாய்க்குப் பஞ்சம் இருக்காது, நம் ஆட்களின் கடை ஏதாவது திறந்திருக்கும்.

ஆனால் குடும்பமில்லாமல் ஒற்றை அறையில் இருப்பவருக்கு அந்த நாள் கொடுமை என்பதை மறுக்கமாட்டேன். எல்லாக் கதவும் சாத்தியிருக்கும், வெளியே கிளம்பவும் வண்டியில்லை. தனிமைக்குப் பேர்போன ஊர்தான் லண்டன்.

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். 24 இரவு பூசைக்குப் போவதானால் நடந்து போகிற தூரத்தில் பாருங்கள், ரயில்கள் சீக்கிரமே நின்றுவிடும். ஈஸ்ட் ஹாமிலேயே 12ஆம் நூற்றாண்டில் கட்டிய மேரி மக்தலேனா தேவாலயம் இருக்கிறது. ஆங்கிலிக்கன் சபை, பரவாயில்லை என்றால் ஆராதனை நேரத்தை விசாரியுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில். ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் பகுதிக் கோயில்களில் பெஞ்சை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப்போல எங்கிருந்தோ வந்தவர்கள்தான். அங்கே உங்களை யாரும் விநோதமாகப் பார்க்கமாட்டார்கள்.

அடுத்து, 25ஆம் தேதி எங்கும் போவதாக இல்லை என்று ஆபீஸில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவையுங்கள். வெட்கப்படவேண்டாம். இங்கிலீஷ்காரர்கள் தாமாக ‘வா’ என்று சொல்லத் தயங்குவார்கள், நமக்கு வேறு திட்டம் இருக்குமோ, தொந்தரவாகிவிடுமோ என்று. தனியாக இருக்கப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால் யாராவது கட்டாயம் கூப்பிடுவார்கள். ஒத்துக்கொள்ளுமுன் அவர்கள் வீடு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். திரும்பிவர டாக்ஸிதான், அன்றைக்கு வாடகையும் அதிகம். வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு டப்பா சாக்லேட், முடிந்தால் நீங்களே செய்த கோழி வறுவல் கொஞ்சம். அந்த வான்கோழியைத் தனியாகச் சாப்பிட முடியாது.

அன்புடன்